நான் அழுத்தினேன், அவள் குதிக்கவில்லை

மூன்றாவது அத்தியாயத்தில் உடைந்த பாலம் ஒன்று வரும். இந்த முனையிலிருந்து ஓடி, விளிம்பில் குதித்து, நடுவானில் கொக்கிக் கயிற்றை வீசி, எதிரே இருக்கும் கோபுரத்தின் இரும்பு வளையத்தைப் பிடிக்க வேண்டும். அக்கா மகன் ஏழு முறை முயன்றான். ஏழு முறையும் அந்தப் பெண் விளிம்பைத் தாண்டி அப்படியே ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்தாள். கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு, "மாமா, நான் அழுத்திட்டேன். அவதான் குதிக்கல" என்றான். பதினோரு வயது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

கேம் விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் எப்போதாவது இதைச் சொல்வார்கள். பெரும்பாலும் பதற்றத்தில் கை ஒரு கணம் பிந்தியிருக்கும். இந்த முறை நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. அதை உறுதி செய்துகொள்ள எனக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது.

கேமின் பெயரை நான் சொல்லவில்லை. இதே குறை வேறு பலவற்றிலும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பேச்சு ஒரு கம்பெனியைத் திட்டுவதோடு நின்றுவிடும். பெரிய செலவில் வந்த, நினைத்த இடத்துக்கெல்லாம் சுற்றித் திரிய விடும் ஓப்பன் வேர்ல்டு கேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பாதி மூழ்கிய நகரம், கொக்கிக் கயிற்றோடு கூரைக்குக் கூரை தாவும் ஒரு பெண், காணாமல்போன அவளுடைய தம்பி. முதல் டிரெய்லரில் அவள் கயிற்றில் ஆடிப்போய் மேகத்துக்குள் மறையும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் காத்திருந்து, வெளியான அன்றே வாங்கினேன். 34 மணி நேரம் விளையாடிவிட்டு இதை எழுதுகிறேன். முடிக்கவில்லை.

பார்க்க அழகாக இருக்கிறது, அதில் குறையே சொல்ல முடியாது. மழை நின்ற பிறகு கூரை ஓடுகளில் தண்ணீர் வழிகிற விதம், தூரத்தில் மணி அடித்தால் புறாக்கள் எழும்பிப் பறப்பது, எல்லாவற்றிலும் யாரோ உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். இசையும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் மனசு ஆறவில்லை. மோசமான கேம் என்றால் பத்து நிமிடத்தில் மூடிவிட்டுப் போயிருப்பேன்.

சரி, அந்தப் பாலத்துக்கு வருகிறேன். முதலில் டிவி மேல்தான் சந்தேகப்பட்டேன். சில டிவிகள் படத்தை மெருகேற்றுவதற்காகத் தாமதமாகக் காட்டும்; அதைத் தவிர்க்கத்தான் கேம் மோட் என்று ஒன்று இருக்கிறது. பார்த்தேன், ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. கன்ட்ரோலரை வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் நேராக இணைத்தேன். வித்தியாசம் இல்லை. அப்புறம் போனை எடுத்து, நொடிக்கு 240 ஃபிரேம் பதிவாகும் ஸ்லோ மோஷனில் வைத்தேன். என் கட்டைவிரலும் டிவி திரையும் ஒரே படத்தில் தெரியும்படி முட்டுக்கொடுத்து நிறுத்தி, பட்டனை அழுத்திப் பதிவு செய்தேன். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணினேன்.

அவள் சும்மா நிற்கும்போது குதிக்கச் சொன்னால், விரல் அழுந்தியதிலிருந்து உடல் அசையும் வரை 26 ஃபிரேம். ஓடும்போது சொன்னால் 44. நொடிக் கணக்கில் பார்த்தால் 0.18. அதே டிவி, அதே கன்ட்ரோலரில், கையோடு ஒட்டி வருகிற இன்னொரு பழைய கேமை ஓடவிட்டு அளந்தேன். ஓட்டத்திலும் 20 ஃபிரேம்தான், 0.08 நொடி.

கேட்கும்போது இது ஒரு வித்தியாசமா என்று தோன்றும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. என் போன் பதிவில் 44 ஃபிரேமாக இருந்த 0.18 நொடி, திரையின் கணக்கில் 11 ஃபிரேம். நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஒருவர் ஓடினால், அந்த 0.18 நொடிக்குள் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடுவார். பாலத்தின் விளிம்பு அந்த ஒரு மீட்டருக்குள்தான் முடிகிறது. பையன் விளிம்பில் சரியாகவே அழுத்தியிருக்கிறான். அழுத்தல் போய்ச் சேர்வதற்குள் அவள் காலடியில் தரை இல்லை.

நிற்கும்போது 26, ஓடும்போது 44 என்றால் கோளாறு டிவியிலோ கன்ட்ரோலரிலோ இல்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஓடுகிற பெண் தூக்கிய காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, அதற்குப் பிறகுதான் எம்புகிறாள். மனித உடல் அப்படித்தான் குதிக்கும், பார்க்கவும் இயல்பாக இருக்கும். அந்த அசைவை அழகாக முடிப்பதற்காக என் கட்டளையைக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள். டிரெய்லரில் நான் மயங்கிப் பார்த்தது இந்த அழகைத்தான். டிரெய்லர் பார்ப்பவர் கையில் கன்ட்ரோலர் இல்லையே.

2018இல் வந்த செலஸ்ட் என்ற சின்ன கேமில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று உண்டு. மலையேறும் அந்தப் பெண்ணுக்கு விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், சில ஃபிரேம்களுக்குள் நாம் அழுத்தினால் குதிக்க விடுவார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும், அதை நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்கச் செய்வார்கள். முதலாவதுக்கு கேம் செய்பவர்கள் மத்தியில் கயோட்டி டைம் என்று பெயர். இயற்பியல்படி இது பொய். ஆனால் விளையாடுபவரின் எண்ணத்தில் அவர் விளிம்பில்தான் குதித்தார். கேம் அந்த எண்ணத்துக்கு மரியாதை கொடுக்கிறது. செலஸ்ட் சுலபமான கேமே இல்லை. அக்கா மகன் அதில் ஒரே திரையில் அறுபது தடவைக்கு மேல் செத்திருக்கிறான். ஒரு தடவைகூட "அவதான் குதிக்கல" என்று சொன்னதில்லை. "இருங்க மாமா, சீக்கிரம் அழுத்திட்டேன்" என்பான், அதற்குள் அடுத்த முயற்சி தொடங்கியிருக்கும்.

நான் ஒரு கேமை எடை போடுவது இந்த இடத்தில்தான். தோற்றால் அது என் தோல்வியாக இருக்க வேண்டும். ஜெயித்தால் என் வெற்றியாக இருக்க வேண்டும். கான்ட்ரா என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரே ஒரு குண்டு பட்டால் உயிர் போய்விடும், கையில் இருப்பது மூன்றே உயிர். அதைச் சிறுவயதில் வருடக்கணக்கில் விளையாடியும் நான் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில்லை. குண்டு வருவது தெரியும், நகர இடமிருக்கும், நான் நகராமல் நின்றிருப்பேன். கடினம் என்பதற்கும் அநியாயம் என்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு அதுதான்.

அந்தக் கோட்டைத் தாண்டியதற்குப் பழைய எடுத்துக்காட்டு, 1982இல் அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்த ஈ.டி. என்ற கேம். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பதால், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் செய்தது. அதில் எங்கு பார்த்தாலும் குழிகள். நம் கண்ணுக்குக் கால் குழிக்கு வெளியே இருக்கும். ஆனால் பாத்திரத்தின் தலை, திரையில் வரைந்திருக்கும் குழியின் மேல் பட்டாலே உள்ளே விழுந்துவிடும். கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலே வந்தால், வந்த வேகத்தில் மறுபடியும் அதே குழி. விற்காமல் மிஞ்சிய கேட்ரிட்ஜ்களை 1983இல் மற்ற கேம்களோடு சேர்த்து நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். உலகிலேயே மோசமான கேம் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே மனிதர்தான் யார்ஸ் ரிவெஞ்ச் என்ற அருமையான கேமையும் செய்தவர். ஐந்து வாரத்தில் அந்த உலகத்தைக் கட்டியதே பெரிய காரியம். அவருக்குக் கிடைக்காதது, யாரையாவது உட்கார வைத்து விளையாடச் சொல்லி, எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான நேரம். நான் வாங்கிய கேமுக்கோ பல வருடம் கிடைத்திருக்கிறது.

பாலத்தை ஒருவழியாகக் கடந்தோம். விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே அழுத்தக் கையைப் பழக்கிக்கொண்டோம். பழகிய பிறகு ஓரளவுக்கு விளையாட முடிந்தது என்பது உண்மை. ஆனால் அது ஒரு திறமையைக் கற்றுக்கொண்ட மாதிரி இல்லை, காது சரியாகக் கேட்காத ஒருவரிடம் பேசப் பழகுவது போல இருந்தது.

கோபுரத்தின் உச்சியில் பாஸ், அதாவது அந்தக் கட்டத்தின் பெரிய எதிரி. மணியை ஆயுதமாகச் சுழற்றும் பெரிய உருவம். தோற்றால் என்ன நடக்கிறது என்பதை அளந்து வைத்திருக்கிறேன்: லோடிங் 38 நொடி, லிஃப்டில் மேலே போக 25 நொடி, அவன் நம்மைப் பார்த்துப் பேசும் கட்சீன் (நாம் விளையாட முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற காட்சி) 50 நொடி. அதைத் தாண்டிப்போக வழியே கிடையாது. மொத்தம் 113 நொடி. ஆரம்பத்தில் சண்டையில் நான் தாக்குப்பிடித்தது இருபது நொடிதான். 19 முறை தோற்றேன். அப்படியென்றால் வெறுமனே காத்திருந்தது மட்டும் கிட்டத்தட்ட 36 நிமிடம். அவன் பேசும் வசனம் இப்போது எனக்கு மனப்பாடம்.

தோற்ற கையோடு மறுபடி முயன்றால்தான் எங்கே தப்பு செய்தோம் என்பது விரலில் நிற்கும். இரண்டு நிமிடம் கழித்து வந்தால் அந்தச் சூடு போய்விடும். மிஞ்சுவது எரிச்சல் மட்டும்தான். கடினத்துக்குப் பேர்போன டார்க் சோல்ஸ் வழியில் வந்தவர்களே இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். 2011இல் வந்த அந்த கேமில் செத்தால் பல இடங்களில் நெருப்புக்குண்டத்திலிருந்து பாஸ் அறை வரை திரும்ப ஓட வேண்டும். 2022இல் எல்டன் ரிங் செய்தபோது, முக்கியமான சண்டைகள் பலவற்றின் வாசலிலேயே மரிக்கா சிலை ஒன்றை வைத்து, அங்கிருந்தே எழச் செய்தார்கள். பாஸ்கள் கொஞ்சமும் இளகவில்லை. நடையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பாஸ் புதிதாக ஒரு தாக்குதலைத் தொடங்கும் முதல் தடவை, படம் அரை நொடி உறைந்து நிற்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஒளி, புகை, தீப்பொறிக்கும் ஷேடர் என்ற சிறு நிரலைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேம் தொடங்கும்போதே அதைச் செய்து வைத்துவிட்டால் தொல்லை இல்லை. இங்கே அந்தத் தீப்பொறி முதன்முதலாகத் திரைக்கு வரும்போதுதான் அந்த வேலை நடக்கிறது. எப்போது நான் கூர்ந்து பார்த்து விலக வேண்டுமோ, சரியாக அந்தக் கணத்தில் படம் நிற்கிறது. மறுபடி ஓடும்போது மணி என் மேல் விழுந்திருக்கிறது.

இருபதாவது முயற்சியில் ஜெயித்தேன். அதுதான் இந்த கேமில் எனக்கு அதிக வருத்தம் தந்த நிமிடம்.

பத்தொன்பதாவது தோல்விக்குப் பிறகு, ஊருக்குள் போய் ஐந்து சில்லறை வேலைகளைச் செய்தேன். தொலைந்த பெட்டியைக் கொண்டுவந்து கொடு, மூன்று எலிகளை அடி, அந்த மாதிரி. அவற்றுக்குப் பரிசாக வந்த கவசத்தில் எண் 12இலிருந்து 17ஆக ஏறியது. திரும்பிப் போனேன். அதே கை, அதே தவறுகள். முன்பு மூன்று அடியில் சாகடித்தவன் இப்போது ஒன்பது அடி அடித்தும் நான் நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் அவன் விழுந்தான். திரையில் பொன்னெழுத்துகள், பின்னணியில் பெரிய இசை. சோபாவில் என் பக்கத்தில் இருந்த பையன் கைதட்டவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். ஜெயித்தது ஒரு எண் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

வெற்றியைப் பறிப்பது தோல்வியைத் திணிப்பதைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன். இந்த கேம் அதை இன்னொரு வழியிலும் செய்கிறது. கதாநாயகியோடு எப்போதும் ஒரு தோழி நடந்து வருவாள். ஐந்தாவது அத்தியாயத்தில் மூன்று நீர்ச்சக்கரங்களைச் சரியான வரிசையில் சுற்றிக் கதவைத் திறக்கும் புதிர் ஒன்று இருக்கிறது. அருமையான புதிர். தண்ணீர் எந்தக் கால்வாயில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து யோசிக்க வேண்டும். அறைக்குள் நுழைந்த எட்டாவது நொடியில் தோழி சொல்லிவிடுகிறாள், நடுச்சக்கரத்தை முதலில் இடப்பக்கம் சுற்றிப் பார்க்கலாமே என்று. பத்து நொடி கழித்து அடுத்ததையும். அவள் வாயை அடைக்க செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன். வசன எழுத்தின் நிறத்தை மாற்றலாம், அவள் தொப்பியை மாற்றலாம், பேச்சை நிறுத்த முடியாது. அந்தப் புதிரை வடிவமைத்தவர் யாரோ, அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் நமக்காக வைத்த சந்தோஷத்தை, கதவு திறப்பதற்கு முன்பே வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

வெற்றியின் பொருள் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு 2003இல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரிப் பந்தய கேமைப் பார்க்கலாம். முதலில் வெளியான வடிவத்தில் எதிராளியின் லாரி கிளம்பவே கிளம்பாது. கட்டடங்களுக்குள் புகுந்து போகலாம், பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு வரம்பே இல்லை. எப்படியும் நீதான் ஜெயித்தாய் என்று கோப்பையைக் காட்டும். அதை எல்லோரும் வேடிக்கையாகப் பேசுவார்கள். 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 வந்தபோது நடந்தது வேடிக்கையாக இல்லை. ஒரு முக்கிய வீரரைத் திறக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று விளையாடியவர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம், சண்டையில் பலம் தரும் அட்டைகள் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளுக்குள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் வீரர்களின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள். வெளியீட்டுக்குச் சற்று முன் பெட்டி விற்பனையையும் நிறுத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் பெல்ஜியம் வேறு சில கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. என்னைச் சுட்டவர் திறமையால் சுட்டாரா, வாங்கிய அட்டையால் சுட்டாரா என்று தெரியாத ஆட்டத்தில், நான் மேம்பட என்ன இருக்கிறது?

மேப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்தால் நூற்றுக்கணக்கான குறிகள். இறகு பொறுக்குவது, கொடி ஏற்றுவது, பெட்டி திறப்பது. பத்து செய்தால் நூறும் செய்த மாதிரிதான்.

தொடக்கம் அதைவிட முக்கியம். கதாநாயகிக்குக் கொக்கிக் கயிறு கிடைப்பது 2 மணி 20 நிமிடத்தில். அதுவரை கட்சீன், மெதுநடை, குனிந்து இடுக்கில் நுழைவது. விளிம்பில் குதித்துக் கயிறு வீசுவதுதான் இந்த கேமின் உயிர். அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாலை போய்விடுகிறது. கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம் என்பது விதி. எனக்குக் குறை தெரிந்த நேரத்தில் அந்த எல்லை தாண்டிவிட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்குவதாக இருந்தால், கயிறு கையில் கிடைக்கும் கட்டத்தை யாராவது விளையாடும் வீடியோவில் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். அதிலும் அவர் பேசுவதைக் கேட்காமல், விரல் தெரிந்தால் விரலைப் பாருங்கள்.

வெளியான பிறகு மூன்று பேட்ச், அதாவது திருத்த அப்டேட்கள், வந்துவிட்டன. ஷேடர் வேலையைத் தொடக்கத்திலேயே செய்யும்படி இரண்டாவதில் மாற்றினார்கள். படம் உறைவது இப்போது குறைந்திருக்கிறது. அதற்கு நன்றி. மூன்றாவதில் புது உடைகள். ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் போனை முட்டுக்கொடுத்து வைத்து எண்ணினேன். ஓட்டத்தில் குதிப்பதற்கு இன்னும் 44 ஃபிரேம்தான்.

திருந்தவே முடியாது என்று நான் நம்பவில்லை. 2016இல் வெறும் கிரகங்களோடு வந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிய நோ மேன்ஸ் ஸ்கை, 2018 ஜூலையில் நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் வருடா வருடம் இலவசமாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. சைபர்பங்க் 2077, 2020 டிசம்பரில் வந்த சில நாட்களிலேயே பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, அடுத்த ஜூனில்தான் திரும்பியது. அதில் குற்றம் செய்தால் போலீஸ் எங்கிருந்தும் வராமல் நம் முதுகுக்குப் பின்னால் முளைத்து நிற்கும். ஓட வழி இருக்காது, பிடிபட்டது நம் தவறாலும் இருக்காது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்சில் அந்தப் போலீஸ் ஏற்பாட்டையே புதிதாகச் செய்தார்கள். வண்டியில் துரத்தி வந்தார்கள். துரத்தினால் தப்பிக்கவும் முடிந்தது. அடிப்படையில் கைவைக்க மனம் இருந்தால் முடியும்.

இப்போதைக்கு யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம். படம் பார்ப்பதற்காக மட்டும் என்றால், யாராவது விளையாடிப் பதிவேற்றியதைப் பெரிய திரையில் பாருங்கள். அந்த நகரம் பார்க்க வேண்டிய நகரம்தான்.

112 ஜிபி இடம் பிடித்திருந்தது, நேற்று அழித்துவிட்டேன். சேவ் ஃபைலை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு ஃபைல்கள். ஒன்று என்னுடையது, நீர்ச்சக்கர அறையைத் தாண்டியது. இன்னொன்று அக்கா மகனுடையது. அவன் பெயரில், உடைந்த பாலத்தின் இந்த முனையில் அவள் நிற்கிறாள்.